மேலுமலை ஏறாத வண்டியும் எங்கள் வீட்டு போர் தண்ணியும்

மாங்காய் சீசனில் வண்டி படுத்துக்கொண்டால் பாதி உயிர் போன மாதிரி. போன மே மாதம் எனக்கு அது மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் ஒரே இடம், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகிற வழியில் வரும் மேலுமலை ஏற்றம்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப், 2008 மாடல். தோட்டத்தில் மாங்காய் ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியாக பெங்களூரு போவதுதான் பிழைப்பு. கிருஷ்ணகிரி டோல்கேட் வரை வண்டி சமர்த்தாக வரும். மேலுமலையில் மூன்றாவது கியர் போட்டதும் ஹீட் மீட்டர் முள் கிளம்பும். பாதி, முக்கால், அப்புறம் சிவப்பு. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் உள்ளே உலை கொதிக்கிற சத்தம்.

முதல் தடவை, கூட வந்த பையன் சாக்கைப் போட்டு, இன்ஜினைச் சுற்றி வருகிற தண்ணியை ஆற்றுகிற ரேடியேட்டரின் மூடியைத் திருகப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த மூடிக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது, 120 வரை தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விட்டுப்போய், இருக்கிற தண்ணியெல்லாம் ஒன்றாகக் கொதித்து முகத்துக்கு வரும். முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கேன் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இந்தக் கேனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வாட்டர் பாடி போயிடுச்சு" என்றார். தண்ணியைச் சுற்றவிடுகிற பம்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். மாற்றினோம். மறுபடி மேலுமலை, மறுபடி சிவப்பு. அடுத்தவர், "வால்வைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டு, ஒண்ணும் ஆகாது" என்றார். தெர்மோஸ்டாட்டைத்தான் சொல்கிறார், இன்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்துவிடுகிற வால்வு. இந்த யோசனையை நம் பக்கம் பாதிப் பேர் சொல்வார்கள். சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால், ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வருகிற சின்ன வழி திறந்தே கிடக்கும். தண்ணியில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வரும். அதனால் கழற்றி எறியாமல் சோதித்துப் பார்த்தேன். டீக்கடையில் ஒரு பாத்திரம் கேட்டு, தண்ணியில் போட்டு அடுப்பில் வைத்தேன். அது திறக்க வேண்டிய சூடு, 82 டிகிரி, அதன் தகட்டிலேயே பொறித்திருந்தது. தண்ணி கொதி வருவதற்கு முன்பே வாயைத் திறந்துகொண்டது. வால்வு நல்ல பிள்ளை. டீக்கடைக்காரர்தான் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள யோசித்தார்.

அடுத்த பயம் ஹெட் கேஸ்கெட், இன்ஜினுக்கும் அதன் மேல் பாகத்துக்கும் நடுவில் புகையும் தண்ணியும் எண்ணெயும் கலக்காமல் அடைக்கிற தகடு. அது போயிருந்தால் செலவு வேறு கணக்கு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். குமிழ் வரவில்லை. ஆயில் குச்சியை இழுத்தால் எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. தண்ணி கலந்திருந்தால் பால் காப்பி நிறத்தில் நுரைத்திருக்கும். பெருமூச்சு.

அப்போதுதான் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். டோல்கேட்டில் நிற்கும்போது முள் அசையவே இல்லை. ஃபேன் கோளாறு என்றால் நிற்கும்போதுதான் முதலில் காட்டும். லோடோடு ஏறும்போது மட்டும் சூடு ஏறுகிறதென்றால், இன்ஜின் கக்குகிற சூட்டை வெளியே தள்ள ரேடியேட்டருக்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம். வண்டியைச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஃபேன் முழுசாக நின்றதும் ரேடியேட்டர் முகத்தில் கையை வைத்துத் தடவினேன். மேலே சுட்டது. நடுவில் ஒரு பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லென்று இருந்தது. அதற்குள் தண்ணியே ஓடவில்லை.

கிருஷ்ணகிரியில் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற ஒரு பாய் இருக்கிறார். என்னுடையது பழைய பித்தளை ரேடியேட்டர் என்பதால் பிழைத்தது. இப்போது வருகிற அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் வகையில் இந்த வேலை நடக்காது. பாய் சூடு காட்டி ஈயத்தை உருக்கி மேல் டேங்கைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசையாக இருக்க வேண்டிய தட்டைக் குழாய்களின் வாயில் மூன்றில் ஒரு பங்கு தெரியவே இல்லை. சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறத்தில் ஏடு ஏடாக அடைத்திருந்தது. மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுத்தார். உடைந்த முட்டை ஓடு மாதிரி பொலபொலவென்று கொட்டியது.

"எந்தத் தண்ணி தம்பி ஊத்துறே?"

"வீட்டு போர் தண்ணிதான் பாய்."

"அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விட்டார்.

கீழ் ஹோஸில் ஒரு சின்னக் கசிவு மூன்று வருஷமாக இருந்தது. கிளிப்பை மாற்றச் சோம்பேறித்தனம். அதற்குப் பதில் தினமும் காலையில் ஒரு சொம்பு போர் தண்ணி. கடினத் தண்ணியில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து, சூடானதும் பிரிந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரே தண்ணி உள்ளே சுற்றினால் ஒரு தடவை படிவதோடு சரி. நானோ தினமும் புதுச் சுண்ணாம்பு ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துத் தண்ணிக்கு ஏற்கனவே பேர் உண்டு. ஃப்ளோரைடு. என் வயசுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். அதற்காகவே வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனில் கட்டி, 2013இல் தொடங்கினார்கள். பல்லைக் கெடுத்தது ஃப்ளோரைடு, ரேடியேட்டரை அடைத்தது சுண்ணாம்பு. இரண்டும் வேறு வேறு. ஆனால் இரண்டும் வந்தது ஒரே போர் குழாயில்.

பாய் கடையில் கொட்டிய சில்லைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பொசுபொசுவென்று நுரைத்தது. இட்லிப் பானை அடியில் படிந்திருந்த வெள்ளையிலும் பிழிந்தேன். அதே நுரை. அம்மா பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "ஊறுகாய்க்கு வெச்ச பழம்டா அது" என்றார்.

இப்போது ரேடியேட்டரில் பாதிக்குப் பாதி கூலன்ட்டும், சுண்ணாம்பு இல்லாத பேட்டரி தண்ணியும். ஹோஸ் கிளிப் புதுசு. அடுத்த லோடில் மேலுமலை உச்சி வரை முள் பாதியைத் தாண்டவில்லை. பையன் தூங்கியே போனான். அம்மா மட்டும் பழக்கத்தில் காலையில் முன் டயர் பக்கம் சொம்பில் தண்ணி வைத்துவிடுகிறார். அதில் முன் கண்ணாடியைக் கழுவிக்கொள்கிறேன். காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி.