வல்லெட்டாவில் அவசரமில்லாத ஒரு பகல்

மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவில் எங்கள் கப்பல் நிற்கும் நாளில், சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டாமல் நாங்களாகவே நடந்து பார்ப்பது என்று சேலத்தில் இருக்கும்போதே முடிவு செய்திருந்தோம். துறைமுகத்திலிருந்து ஊர் செங்குத்தாக மேலே இருக்கிறது என்றாலும், 2012-இல் திறக்கப்பட்ட 58 மீட்டர் உயர மின்தூக்கி நேராக மேல் பராக்கா பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடுவதால், ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டே வரும் அத்தைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

நண்பகல் 12 மணிக்குப் பூங்காவின் கீழ்த்தளத்தில் பழங்காலச் சீருடை அணிந்தவர்கள் பீரங்கியை வெடிக்கிறார்கள்; முன்கூட்டியே போனால்தான் கைப்பிடிச் சுவரோரம் இடம் கிடைக்கும். சத்தம் கேட்டு அலறிய சின்னவன், புகை கலைவதற்குள் மறுபடியும் வெடிக்கச் சொன்னான்.

பிறகு பட்டாணி மசியல் வைத்த பாஸ்டிட்சி என்ற மால்டா பலகாரம் வாங்கினோம். கடித்தவுடன் மெல்லிய அடுக்குகள் சட்டையெல்லாம் உதிர்ந்தன. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு என்பதால், சைவ உணவுக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

புனித யோவான் பேராலயத்தில் கரவாஜியோ 1608-இல் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. ஆனால் அத்தை பூங்கா நிழலை விட்டு எழுந்திருக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. எதிர்க்கரையில் புனித ஏஞ்சலோ கோட்டையைப் பார்த்தபடி மாலைவரை அங்கேயே அமர்ந்திருந்துவிட்டு, கப்பலுக்குத் திரும்பினோம்.