50 மி.மீ. சோனார்: ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களில் எனக்குப் பிடித்த குடும்பம்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனிச் சாளரத்தில் தெரியும் இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்வது) ஒரே ஒரு லென்ஸ் போதும் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது சோனார் வகை 50 மி.மீ. லென்ஸைத்தான். அதைவிடக் கூர்மையானவை நிறைய உண்டு. வால்டர் மாண்ட்லர் வடிவமைத்து 1979-இல் வந்த லைக்கா சம்மிக்ரான் 50 எஃப்/2 (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) ஒன்றே போதும். கூர்மையில் பழைய சோனார்கள் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் முகங்களுக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் நான் சோனாரையே எடுப்பேன். அதன் படம் ஏன் அப்படி வருகிறது, எந்த இடத்தில் ஃபோகஸ் ஏமாற்றும், பழையதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெலே இந்த லென்ஸைக் கான்டாக்ஸ் என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்காக வடிவமைத்தார். கான்டாக்ஸ் வெளிவந்தது 1932-இல். எஃப்/2 லென்ஸில் 6 கண்ணாடிகள், எஃப்/1.5 லென்ஸில் 7. இரண்டிலும் அவை ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு 3 தொகுதிகளாகவே இருக்கும். ஆகவே காற்றும் கண்ணாடியும் சந்திக்கிற பரப்புகள் ஆறுதான். அன்று லென்ஸுக்குப் பூச்சு கிடையாது. சைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்தது 1935-இல். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். 1936-இல் லைக்காவுக்கு வந்த ஸெனான் எஃப்/1.5 லென்ஸில் பத்துப் பரப்புகள். கணக்குப் போட்டால் சோனாரில் 22 சதவீதம் போகிறது, ஸெனானில் 34 சதவீதம். ஒளி குறைவதுகூடப் பெரிய பாதிப்பு இல்லை. திரும்பிய ஒளி குழாய்க்குள்ளேயே அலைந்து நிழல் பகுதிகளில் படிந்து கருமையை வெளுக்க வைக்கும், அதுதான் படத்தைக் கெடுப்பது. சோனாரின் கருமை ஆழமாக நின்றதற்குக் காரணம் இந்த ஆறு பரப்புகள்.

இந்த வடிவத்தில் ஒரு நிபந்தனை உண்டு: கடைசிக் கண்ணாடி ஃபிலிமுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் அந்த இடத்தை, பிம்பத்தை மேலே திருப்பும் பிரதிபலிப்புக் கண்ணாடி பிடித்துக்கொள்கிறது. லைக்கா எம் மவுன்ட்டில் (மவுன்ட் என்பது லென்ஸை மாட்டும் வளையம்) ஃபிலிமிலிருந்து மவுன்ட் வரை 27.8 மி.மீ.; நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ. அதனால் எஸ்.எல்.ஆர். உலகத்தின் 50 மி.மீ. லென்ஸ்கள் டபுள் காஸ் என்ற வேறொரு கண்ணாடி அமைப்புக்குப் போய்விட்டன, 50 மி.மீ. சோனார் ரேஞ்ச்ஃபைண்டர்களோடு தங்கிவிட்டது.

இனி அதன் படத்தின் குணம். சோனாரில் கோளப்பிறழ்ச்சி முழுதாகத் திருத்தப்படவில்லை. லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழைபவற்றைவிடச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுகின்றன. பின்னணியில் உள்ள ஒளிப்புள்ளிகள் இதனால் நடுவில் பிரகாசமாகவும் விளிம்பில் கரைந்தும் விழும். இலைகள், கம்பி வேலி, கூட்டத்தின் தலைகள் எல்லாம் முறுகலின்றிக் கலந்துவிடும். முன்னணியில் இதற்கு நேரெதிர்: அங்கே மங்கும் பொருள்களின் விளிம்பு தடித்து இரட்டையாகத் தெரியும். சோனாரை முழுத் துளையில் வைத்து எடுப்பவர்கள் ஆளுக்கு முன்னால் செடி கொடி வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அதே கோளப்பிறழ்ச்சிதான் ஃபோகஸையும் நகர்த்துகிறது. துளையைச் சுருக்கினால் ஓரக் கதிர்கள் வெட்டுப்பட்டு, கூர்மை விழும் தளம் பின்னால் போகும். எஸ்.எல்.ஆரிலும் துளையைத் திறந்து வைத்துத்தான் ஃபோகஸ் செய்கிறோம். அங்கே இந்த வகை லென்ஸ் அபூர்வம் என்பதால் பலர் கவனிப்பதில்லை. ரேஞ்ச்ஃபைண்டரிலோ லென்ஸ் வழியாகப் பார்ப்பதே கிடையாது. லென்ஸின் பின்புறக் கேம் (ஃபோகஸ் வளையத்தோடு நகர்ந்து கேமராவின் நெம்புகோலைத் தள்ளும் பகுதி) எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் கேமராவுக்குத் தெரியும். எந்தத் துளையில் இருக்கிறோம் என்று தெரியாது. எனவே தயாரிப்பாளர் ஏதாவது ஒரு துளையைத் தேர்ந்து அதற்குச் சரிசெய்தாக வேண்டும். லைக்கா எம் மவுன்ட்டுக்கான சைஸ் இசட்.எம். வரிசையில் வந்த சி சோனார் 50 எஃப்/1.5 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஃப்/2.8-க்குச் சரிசெய்தவையும் எஃப்/1.5-க்குச் சரிசெய்தவையும் சந்தையில் இருக்கின்றன. கையில் உள்ளது எது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது.

சோதனை எளிது. ஓர் அளவுகோலை 45 பாகை சாய்த்து வைத்து, முக்காலியில் கேமராவை 1 மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். நடுக்கோட்டில் ரேஞ்ச்ஃபைண்டரைப் பொருத்தி எஃப்/1.5, 2, 2.8, 4 என்று வரிசையாக எடுங்கள். ஃபோகஸ் வளையத்தை இடையில் தொட வேண்டாம். எஃப்/1.5-இல் கூர்மை நடுக்கோட்டிலேயே விழுந்தால் அது எஃப்/1.5 சரிசெய்தது, எஃப்/2.8 படத்தில் கூர்மை கோட்டுக்குப் பின்னால் போயிருக்கும். அத்தகைய லென்ஸில் கிட்டத்தில் எஃப்/2.8 வைத்தால், ஃபோகஸ் பொருத்திய பிறகு உடலை மயிரிழை பின்னுக்குச் சாய்க்க வேண்டும். எஃப்/2.8-க்குச் சரிசெய்ததில் முழுத் துளையில் எடுக்கும்போது முன்னுக்குச் சாய வேண்டும். மூன்று மீட்டரைத் தாண்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் மறைந்துவிடும்.

விலை குறைவான வழி சோவியத் ஜூபிட்டர். போருக்குப் பின் கான்டாக்ஸின் இயந்திரங்களும் வரைபடங்களும் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின, சோனார் அங்கே ஜூபிட்டர்-8 (50 எஃப்/2), ஜூபிட்டர்-3 (50 எஃப்/1.5) ஆனது. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைக் காட்டும். வாங்கும்போது முதலில் மவுன்ட்டைப் பாருங்கள். லைக்காவின் 39 மி.மீ. மரையிலும் வந்திருக்கிறது, கான்டாக்ஸின் சோவியத் வடிவமான கியெவ் கேமராவின் பயனெட்டிலும் (திருப்பிப் பூட்டும் மவுன்ட்) வந்திருக்கிறது. கியெவ் வகை 50 மி.மீ. லென்ஸில் ஃபோகஸ் மரையே இருக்காது, அது கேமராவுக்குள் இருக்கும். லைக்காவுக்கு அது சாதாரண அடாப்டரில் உதவாது. 39 மி.மீ. மரை உள்ளதற்கு 1 மி.மீ. தடிமனுள்ள எம் அடாப்டர் போதும். வியூஃபைண்டரில் 50/75 மி.மீ. சட்டக்கோடுகளை, அதாவது படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகளை, கொண்டுவரும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

லைக்காவில் ஜூபிட்டரைப் போட்டவர்களுக்கு வழக்கமாக வரும் குறை: தூரத்தில் சரியாக இருக்கிறது, கிட்டத்தில் மூக்கைக் குறிவைத்தால் அதற்குப் பின்னால் கூர்மை விழுகிறது. காரணம் எளிய கணக்கு. கான்டாக்ஸ் அளவுப்படி 50 மி.மீ. லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 52.4 மி.மீ.; லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் எதிர்பார்ப்பது 51.6 மி.மீ. ஒரு மீட்டரில் 52.4 மி.மீ. லென்ஸ் சுமார் 2.9 மி.மீ. வெளியே வர வேண்டும், லைக்காவின் கேமோ 2.8 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். இந்த 0.09 மி.மீ. குறைபாடு ஃபோகஸை ஏறத்தாழ 3 செ.மீ. பின்னால் தள்ளுகிறது. அந்தத் தொலைவில் எஃப்/2-இல் கூர்மையாகத் தெரியும் மொத்த ஆழமே 4 செ.மீ. சொச்சம்தான், அதாவது முன்னும் பின்னும் இரண்டு இரண்டு. படம் கெட்டுப்போவதில் வியப்பில்லை. பழைய சோவியத் சோர்க்கி, ஃபெட் கேமராக்களில் இதே லென்ஸ் ஒழுங்காக வேலை செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீர்வு ஷிம் வளையம். கண்ணாடித் தொகுதியை ஃபோகஸ் மவுன்ட்டிலிருந்து திருகிக் கழற்றினால் (சிறிய பூட்டுத் திருகுகள் இருந்தால் முதலில் அவற்றைத் தளர்த்துங்கள்) இடையில் மெல்லிய உலோக வளையம் இருக்கும். அதோடு இன்னும் 0.1 மி.மீ. அளவுக்குத் தடிமன் சேர்க்க வேண்டும். செப்புத் தகடு நல்லது. சமையலறை அலுமினியத் தாளையும் மடித்து வெட்டலாம், ஆனால் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், தாளுக்குத் தாள் மாறும். ஒரேயடியாகச் சேர்க்காமல் 0.03 மி.மீ. வீதம் சேர்த்து, மேலே சொன்ன அளவுகோல் சோதனையைச் செய்து பாருங்கள். இதற்கு விலை உண்டு: முழுத் துளையில் முடிவிலி கூர்மை போய்விடும். ஃபிலிமில் எஃப்/4-இலும் டிஜிட்டலில் எஃப்/5.6-இலும் அது திரும்பி வரும். மலைக்காட்சியை எஃப்/2-இல் யாரும் எடுப்பதில்லை என்பதால் இந்தப் பண்டமாற்று எனக்குச் சம்மதமே.

ஜூபிட்டரில் இன்னொரு சங்கடம், ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி முழுவதும் சுழலும், அதோடு துளை வளையமும் சுழலும். துளை வளையத்தில் கிளிக் இல்லை. முதலில் துளையை வைத்துவிட்டுப் பிறகு ஃபோகஸ் செய்யப் பழகினால் கை தானாக ஒழுங்குக்கு வரும். ஃபில்டர் அளவு 40.5 மி.மீ. பழைய கேனான் 50 எஃப்/1.8-இன் அளவோ 40 மி.மீ.; ஒன்றின் ஃபில்டர் மற்றதில் ஏறாது. வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போய்விடும்.

ஜப்பானியச் சோனார்களில் நிக்கான் நிறுவனத்தின் நிக்கோர் 50 எஃப்/1.4 என் முதல் தேர்வு. 1950-இல் புகைப்படச் செய்தியாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் கொரியப் போரை நிக்கோர் லென்ஸ்களால் எடுத்த பிறகுதான் ஜப்பான் லென்ஸ்களை மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. லைக்கா மரையில் வந்த இந்த நிக்கோர், ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு முடிகிற இடத்தையும் தாண்டி ஒன்றரை அடி வரை நெருங்கும். அந்தப் பகுதியில் அளவு நாடாதான் துணை. லென்ஸ் காட்டும் படத்தைத் திரையிலேயே பார்க்கும் லைவ் வியூ உள்ள கேமராவில் அதுவும் வேண்டாம்.

எந்தப் பழைய லென்ஸை வாங்கினாலும் துளையை முழுதும் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு நரம்பாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை. சீரான வெண்படலம் என்றால் மசகின் ஆவி படிந்தது. கேனான் 50 எஃப்/1.8, 50 எஃப்/1.2 இரண்டிலும் துளை இதழ்களுக்குப் பின்னாலுள்ள பரப்பில் இது அடிக்கடி வரும். நாளானால் கண்ணாடியையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் போகாது. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். சோனாரில் மூன்று கண்ணாடிகளை ஒட்டிய தொகுதி இருப்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழுதுபார்க்கும் செலவு லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். இதழ்களில் எண்ணெய் இருப்பதோ, முன்கண்ணாடியில் நான்கைந்து மெல்லிய கீறல்களோ பெரிய குறையில்லை. அவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

35 மி.மீ. பற்றிச் சுருக்கமாக: வோக்ட்லேண்டர் கலர்-ஸ்கோபார் 35 எஃப்/2.5. சிறியது, எடையில்லை, வியூஃபைண்டரை மறைக்காது. எஃப்/8-இல் 3 மீட்டரில் வைத்துவிட்டால் 1.9-இலிருந்து 7.3 மீட்டர் வரை கூர்மை. தெருவில் ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்க்கவே வேண்டியதில்லை. நேர்க்கோடுகள் முக்கியம் என்றால் சைஸ் பயோகான் 35 எஃப்/2. ஜூபிட்டர்-12 மலிவுதான், ஆனால் பின்கண்ணாடி மிக ஆழமாக உள்ளே நீளும். லைக்கா எம்5, சி.எல். போன்ற, ஒளி அளக்கும் மீட்டரின் கை ஃபிலிமுக்கு முன்னால் வந்து நிற்கும் கேமராக்களில் அதைப் போடாதீர்கள், கை இடிபடும்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் லென்ஸைத் தோல் உறையில் மூடி அலமாரியில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சை அங்கேதான் தொடங்கும். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும் டிரை கேபினட் நல்லது. அது இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், மலிவான ஈரப்பதமானி ஒன்று. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள், பழைய மசகு காய்ந்து ஃபோகஸ் இறுகிவிடும்.