கதைக்க முதல் எழுதுங்கள்

கிளிநொச்சியில் ஒரு மென்பொருள் குழு இரணைமடுக் குளத்துக் கமக்காரருக்குச் செயலி யோசிக்கிறது என்று வையுங்கள். எடுத்தவுடனே கதைக்கத் தொடங்கினால் மூத்தவர் சொன்னதன் பின்னாலேயே எல்லாரும் போய்விடுவார்கள். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை வாயே திறக்காது. அதனால் 6-3-5 முறைதான் நல்லது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாள் பக்கத்தவருக்குப் போகும்; அவர் அதை வளர்த்து இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்றில், அரை மணித்தியாலத்தில், 108 யோசனை. பல ஒன்றையொன்று ஒத்திருக்கும், பரவாயில்லை.

பிறகு, பிடித்த யோசனைக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து வாக்குப் போடுங்கள்; அதை எல்லாரும் ஒரே நேரத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் முதல் புள்ளி விழுந்த இடத்திலேயே மற்றதும் விழும்.

செயலிக்குக் கோட் (நிரல்) எழுத முன்னம் அதன் திரையைத் தாளில் கீறி, ஐந்து கமக்காரரிடம் வயல் வரம்பிலேயே காட்டுங்கள். சிறுபோகத் தண்ணீர் திறக்கும் நாளைச் சொல்லக் குறுஞ்செய்தியே போதுமா என்பது அங்கேதான் தெரியவரும்.