அறுபதுக்குப் பின் காபி: நாக்கை நம்பப் பழகிய அனுபவம்

பணி ஓய்வுக்குப் பிறகு நான் தேர்ந்துகொண்ட பொழுதுபோக்கு காபி. கொட்டையை வாங்கி, எடை போட்டு, அரைத்து, வடித்து, சுவைத்து, குறிப்பெழுதுவது வரை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டும் வரை காபியைப் பற்றி எனக்கென்று ஒரு கருத்தும் இருந்ததில்லை. சூடும் இனிப்பும் இருந்தால் குடிப்பேன். நன்றாக இருந்ததா என்று எவரேனும் கேட்டால், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்வேன். நான் செய்த வேலை பிறர் எழுதிய கணக்குகளைச் சரிபார்ப்பது. இரண்டு எண்கள் பொருந்துகின்றனவா என்பதை எவர் முன்னிலையிலும் சொல்லத் தயங்கியதில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தாள் இல்லாத இடத்தில், அதாவது ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறதா, பிடித்திருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வாய் எழாது. காபி எந்த அளவுக்குக் கைவந்தது என்பதோடு, அந்தத் தயக்கம் எங்கே தளர்ந்தது என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

முதல் கட்டம் பாலையும் சர்க்கரையையும் விடுவது. சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திய பிறகே பாலைக் குறைக்கத் தொடங்கினேன். இரண்டையும் ஒன்றாக விட்டால் கசப்பு மட்டுமே முன்னால் வந்து நிற்கும், அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது என்பது என் கணிப்பு. அந்தக் கசப்பு முழுவதும் கஃபீனால் வருவது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் பங்கு சிறிதே. கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் லாக்டோன் வகைச் சேர்மங்களாக மாறுகின்றன. இளவறுவலிலும் நடுத்தர வறுவலிலும் உணரும் இதமான கசப்பு பெரும்பாலும் இவற்றுடையது. மேலும் வறுத்துக்கொண்டே போனால் இவை சிதைந்து ஃபீனைல்இண்டேன்கள் உருவாகின்றன. கருவறுவலைக் குடித்த பின் நாக்கில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் போகாத கடுங்கசப்பு அவற்றால் வருகிறது. இதை அறிந்ததும் கருவறுவலை ஒதுக்கிவிட்டு அராபிகா என்ற காபி இனத்தின் நடுத்தர வறுவலுக்கு மாறினேன். ரோபஸ்டா என்ற மற்றோர் இனத்தில் கஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு; அதன் முரட்டுச் சுவையை விரும்புவோரும் உண்டு என்றாலும், பால் இல்லாமல் பழகத் தொடங்குபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதையும் விட்டேன். கோப்பை வெதுவெதுப்புக்கு இறங்கும்போதுதான் புளிப்பும் இனிப்பும் பிரிந்து தெரிகின்றன, குறை ஏதும் இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரிகிறது.

இந்தக் கட்டத்தில் என்னை உறுத்திய ஐயம் வயதைப் பற்றியது. வயது ஏற ஏற மோப்ப உணர்வு மங்குகிறது; அறுபதுக்குப் பிறகு பலருக்கு அது வெளிப்படையாகவே குறைகிறது. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி என்ற சில அடிப்படைச் சுவைகளை மட்டுமே. பழ மணம், பூ மணம் என்று காபியில் சொல்லப்படுபவை எல்லாம், விழுங்கும்போது வாயின் பின்புறத்திலிருந்து மூக்குக்குள் ஏறும் ஆவியால் உணரப்படுபவை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு விழுங்கிவிட்டு விரலை எடுத்துப் பார்த்தால் எவருக்கும் இது விளங்கும். அதுவரை வெறும் கசப்பும் புளிப்புமாக இருந்த நீர், விரலை எடுத்த நொடியில் காபியாகிவிடுகிறது. அப்படியானால் இளையவர்களுக்குத் தெரிவதில் ஒரு பகுதி எனக்கு எட்டாமலே போகலாம் அல்லவா? ஆனால் மோப்பம் பயிற்சிக்குக் கட்டுப்படக்கூடியது. நோயால் மோப்பத்தை இழந்தவர்களுக்கே, குறிப்பிட்ட சில மணங்களை நாள்தோறும் முகர்ந்து பழகுமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆகவே காலையில் காபி தயாரிக்கும் முன், சமையலறையிலுள்ள மணப்பொருள்கள் சிலவற்றைக் கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். மூக்கு கூர்மையடைந்ததா, மணத்துக்கு உரிய சொல்லைத் தேடிப் பிடிக்கும் வேகம் கூடியதா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. எதுவாயினும், குறிப்பேட்டில் ‘நன்று’, ‘பரவாயில்லை’ என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் எழுத முடிந்தது.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, கையால் சுற்றும் அரைவை, கூம்பு வடிவ வடிகட்டி, வடிதாள், மெல்லிய மூக்குடைய கெண்டி ஆகியவை போதும். இவற்றுள் வடிதாளுக்கு ஒரு கதை உண்டு. 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளைகளிட்டு, மகனின் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்த மையொற்றுத் தாளை அதில் விரித்துக் காபி வடித்தார். அன்று எல்லோரும் சகித்துக்கொண்டிருந்த வண்டலும் மிகைக் கசப்பும் தமக்குப் பிடிக்கவில்லை என்பதையே போதிய காரணமாகக் கொண்டு ஒருவர் செய்த வேலை அது. அதனால் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு. தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. கொட்டையின் எண்ணெயிலுள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்தக்கூடியது. வடிதாள் அதைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. என் வயதில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

15 கிராம் பொடிக்கு 240 கிராம் நீர் என்பது என் அளவு. நீரின் வெப்பம் 92 முதல் 96 பாகை செல்சியஸ். முதலில் 40 கிராம் அளவுக்கு நீரை ஊற்றிப் பொடி முழுவதையும் நனைத்து அரை நிமிடம் விட்டால், வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிவிட்ட கரியமில வாயு நுரைத்து வெளியேறும். புதிதாக வறுத்த கொட்டை நன்றாகப் பொங்கும்; நாள்பட்டது அசையாமல் கிடக்கும். மீதி நீரை இரண்டு மூன்று தவணைகளில் ஊற்றி, மூன்று நிமிட அளவில் வடிந்து முடியும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அரைப்பு மாறினால் சுவை உடனே மாறிவிடுகிறது. சுழலும் அலகால் வெட்டும் அரைவை, மாவையும் குறுணையையும் கலந்தே தரும். மாவு மிகையாகவும் குறுணை குறையாகவும் கரைவதால் ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் ஒருங்கே வந்து, எதைத் திருத்துவது என்றே தெரியாமல் போகும். பற்களுக்கு இடையே நொறுக்கும் அரைவையில் அந்தக் குழப்பம் குறைவு. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு ஒரு சொல்: இளவறுவல் கொட்டை அடர்த்தியும் கடினமும் மிக்கது, கையால் அரைக்க வலு வேண்டும், வறுவல் கூடக் கூடக் கொட்டை எளிதில் நொறுங்கும். எனவே மணிக்கட்டு ஒத்துழைக்காத நாள்களில் நடுத்தர வறுவலை எடுத்துக்கொள்கிறேன்.

1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் காபி வடிப்பதற்கு ஒரு வரைபடம் வகுத்தார். பொடியின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை நீரில் கரைந்து வந்தால் சுவை சமநிலையில் இருக்கும் என்பது அதன் சாரம். குறைவாகக் கரைந்தால் புளிப்பு மேலோங்கும். மிகுதியாகக் கரைந்தால் கசப்பும் துவர்ப்பும் மேலோங்கும். கரைந்த அளவைக் காட்டும் கருவி என்னிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. புளித்தால் அரைப்பை நயமாக்குவது, கசந்தால் பருமனாக்குவது, ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்ற ஒழுங்கு எனக்குப் போதுமானதாக இருந்தது. கணக்குச் சரிபார்த்துப் பழகியவனுக்கு இது சொந்த மண். ஆனாலும் குறிப்பேட்டில் ‘இன்று புளிப்பு குறைந்தது’ என்று எழுதும்போதெல்லாம், உண்மையிலேயே குறைந்ததா, அரைப்பை மாற்றியது தெரிந்திருந்ததால் குறைந்ததாகத் தோன்றியதா என்ற கேள்வி கூடவே வந்தது.

அதற்கு விடை தேடித் தொடங்கியதுதான் முக்கோணச் சோதனை. மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு காபி. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காபித் தொழிலில் சுவைஞர்களுக்கு வைக்கப்படும் தேர்வுகளில் இதுவும் ஒன்று. என் மகள் கோப்பைகளை நிரப்பி, அடியில் குறியிட்டு, இடம் மாற்றி வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுவாள். அவள் முகத்தைப் பார்த்து விடை கண்டுபிடித்துவிடுவேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க உட்புறம் கருத்த கோப்பைகளைப் பயன்படுத்தினோம். மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஓரிரு வெற்றிகளை நான் பொருட்படுத்தவில்லை. பல நாள்கள் திரும்பத் திரும்பச் செய்து, மொத்தத்தையே பார்த்தேன்.

இளவறுவலையும் கருவறுவலையும் வைத்தபோது தவறியதே இல்லை எனலாம். அது பெருமைக்குரியது அன்று. எவரும் தவற மாட்டார்கள். ஒரே கொட்டையை ஒன்றுக்குப் பதினைந்து, ஒன்றுக்குப் பதினேழு என்ற இரு விகிதங்களில் வடித்து வைத்தபோது, தொடக்கத்தில் தடுமாறி, பிறகு பெரும்பாலும் சரியாகச் சொல்லத் தொடங்கினேன். பழத்தோடு உலர்த்திய கொட்டையையும் கழுவி உலர்த்திய கொட்டையையும் பிரித்தறிவது, நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக வந்தது. அரைப்பை ஒரே ஒரு படி மட்டும் மாற்றியபோது என் விடைகள் குருட்டு ஊகத்தைவிட மேலாக இல்லை. அதே சோதனையை மகளுக்கு நான் வைத்தேன். அவளுக்கு என் வயதில் பாதிகூட இல்லை, மூக்கும் கூர்மையானது. அந்த ஒரு படி வேறுபாடு அவளுக்கும் பிடிபடவில்லை. வயதைப் பற்றிய ஐயம் அன்றோடு பெருமளவு கரைந்தது. எது எனக்குத் தெரியும், எது தெரியாது என்பதற்கு என் குறிப்பேட்டிலேயே சான்று இருந்ததால், தெரிந்ததைச் சொல்லும்போது குரல் தாழ வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அதே அளவுக்கு எளிதாயிற்று.

பின்னர் ஆர்வலர்கள் கூடிக் காபி சுவைக்கும் அமர்வு ஒன்றுக்குப் போனேன். 150 மில்லி லிட்டர் நீருக்கு 8.25 கிராம் பொடி என்ற விகிதத்தில் கோப்பையிலேயே ஊறவைத்து, நான்கு நிமிடம் கழித்து மேலே படிந்த பொடி ஏட்டைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, ஆறிய பின் சத்தமாக உறிஞ்சிச் சுவைப்பது அங்கே முறை. வந்தவர்களில் நானே மூத்தவன். ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால் அதில் உணரக்கூடிய மணங்கள் எழுதப்பட்ட அட்டை இருந்தது. சுவைப்பதற்கு முன் அட்டையைப் படிப்பவர் அட்டையில் இருப்பதையே சுவைப்பார் என்பது என் உறுதியான எண்ணம் ஆதலால், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். காபியின் சுவைக்கும் மணத்துக்கும் உரிய சொற்களை வட்டமாக அடுக்கி 1995-இல் வெளியிடப்பட்டு, 2016-இல் திருத்தப்பட்ட சுவைச் சக்கரம் போன்றவை சொல் தேடுபவருக்கு நல்ல துணைதான். ஆனால் அவை விடைத்தாளாக மாறிவிடக் கூடாது. ஒரு கோப்பையைப் பற்றி மற்றவர்கள் பழமணம் என்று ஒருமனதாகச் சொன்னபோது, எனக்கு அது தெரியவில்லை, ஈர அட்டைப்பெட்டியின் வாடைதான் தெரிகிறது, கொட்டை பழையதாக இருக்கலாம் என்று சொன்னேன். நடத்தியவர் மீண்டும் சுவைத்துப் பார்த்துவிட்டு, வறுத்துச் சில மாதங்கள் ஆகியிருப்பதை ஒப்புக்கொண்டார். எதிரில் இருந்த இளைஞர் மட்டும், “இல்லை ஐயா, பழமணம் தெளிவாகவே இருக்கிறது” என்று கடைசி வரை சொன்னார். அவருக்கு இருந்திருக்கலாம். முன்பெல்லாம் அப்படி ஒரு குரல் எழுந்தவுடன் என் கருத்தை விழுங்கியிருப்பேன். அன்று அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் குறிப்பேட்டில் அருகருகே எழுதிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனேன். வீட்டு விவகாரங்களிலும் இந்தப் பழக்கம் நுழைந்துவிட்டது என்று மகள் சொல்கிறாள். அதை அவள் பாராட்டாகச் சொல்கிறாளா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

உடல்நலக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. அதனால் நண்பகலுக்குப் பிறகு கஃபீன் நீக்கிய கொட்டையையே பயன்படுத்துகிறேன், தூக்கம் சீரானது. நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை கஃபீன் பொதுவாகப் பாதுகாப்பானது என்று அமெரிக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கூறுகின்றன. 15 கிராம் அராபிகாவில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் இருக்கும் என்பதால் இரண்டு கோப்பைகளே எல்லையை நெருங்கிவிடும். சோதனை நாள்களில் விழுங்காமல் துப்பிவிடுவது வழக்கம். தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது கையில் எடுத்திருப்பது நீர். கால்சியமும் மெக்னீசியமும் சிறிதளவு உள்ள நீர் சுவையை நன்றாக இழுத்து வருகிறது. பைகார்பனேட் மிகுந்த நீரோ காபியின் அமிலத்தை நடுநிலையாக்கிப் புளிப்பை மழுங்கடித்துவிடுகிறது. இளவறுவல் சில சமயம் எனக்குச் சப்பென்று தோன்றுவதற்குக் குழாய் நீரே காரணமாக இருக்கும் என்று ஐயப்படுகிறேன். ஒரே கொட்டை, ஒரே அரைப்பு, ஒரே விகிதம், நீர் மட்டும் இரண்டு வகை என்று அடுத்த முக்கோணச் சோதனையைத் திட்டமிட்டிருக்கிறேன். கோப்பைகளை இடம் மாற்றி வைக்க மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.