மோட்டார் ஹோமுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: நான் ஏன் வேண்டாம் என்றேன்

"வாரண்டியையும் கடனோடு சேர்த்துவிடலாம் சார், மாதத் தவணையில் தெரியவே தெரியாது" என்றார் விற்பனையாளர். தெரியாதுதான். ஆனால் அதற்கும் சேர்த்து வட்டி ஓடிக்கொண்டிருக்குமே! எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது, தயாரிப்பாளர் தரும் வாரண்டிக்கு மேல், பின்னால் வரும் பழுதுச் செலவுக்காகத் தனிக் காசு கொடுத்து வாங்கும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

நாங்கள் வாங்கவிருந்தது பழைய வண்டி. "வண்டியும் பழசு, நமக்கும் வயசாச்சு, நடுவழியில நின்னா யார் பார்ப்பா? வாங்கிடுங்களேன்" என்பது மனைவியின் கட்சி. நியாயமான பயம்தான். மோட்டார் ஹோம் என்பது வண்டியும் வீடும் ஒன்றாகச் சேர்ந்தது. இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் ஒரு பக்கம். ஃபிரிட்ஜ், ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், ஸ்லைடு-அவுட் (வண்டியை நிறுத்தியபின் வெளியே நீளும் அறைப்பகுதி) மோட்டார் இன்னொரு பக்கம். இத்தனையும் ஓடும்போது குலுங்கிக்கொண்டே வருகின்றன. ஏதாவது ஒன்று மக்கர் பண்ணாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒப்பந்தத்தில் எதெல்லாம் கிடையாது என்று சொல்லும் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தேன். பொதுவாக இவை இரண்டு வகை. ஒன்று, பட்டியலில் உள்ள பாகத்துக்கு மட்டும் பணம் தரும். பட்டியலில் பெயர் இல்லாத ஒரு சின்ன சர்க்யூட் போர்டு போனாலும் நம் தலையில்தான். இன்னொன்று, விலக்கப்பட்டவை தவிர எல்லாவற்றுக்கும் தரும். விலை கூடுதல், ஆனால் வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். எனக்கு நீட்டியது முதல் வகை.

ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்த்தே பிழைத்தவன் நான், அதனால் கண் முதலில் ஃபிரிட்ஜ் பத்திக்குத்தான் போனது. பல மோட்டார் ஹோம்களில் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸரில் ஓடுவதில்லை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் குழாய்க்குள் அடைத்து, கேஸ் தீயிலோ கரண்டிலோ சூடாக்கி ஓட்டுவது. உள்ளே பம்ப் கிடையாது, திரவம் தன் எடையால்தான் வடிந்து திரும்ப வேண்டும். வண்டியை ரொம்பச் சாய்வாக நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட விட்டால் திரவம் திரும்பாது. சூடாக்கும் இடத்துக் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி, துரு பிடிக்காமலிருக்கச் சேர்த்த உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஓட்டை விழுந்தால் பின்பக்கம் மஞ்சள் தூளும் அம்மோனியா நெடியும் காட்டிக் கொடுக்கும். பெரும்பாலும் குளிர்விக்கும் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான், பெரிய செலவு. இப்போது ஒப்பந்தத்தைப் பாருங்கள்: "தவறான பயன்பாட்டால் வரும் பழுது சேராது." சாய்வாக நிறுத்தினீர்களா இல்லையா என்று யார் நிரூபிப்பது?

அதைவிட முக்கியம் தண்ணீர். மோட்டார் ஹோமைக் கொல்வது பெரும்பாலும் இஞ்சின் இல்லை, கூரை இணைப்பில் வெடித்துப்போன சீலன்ட், அதாவது தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை. ஒரு நூல் அளவு கசிவு போதும், உள்ளே மரச்சட்டம் மக்கி, சுவரின் வெளித்தகடு உப்பிக்கொண்டு வந்துவிடும். நான் புரட்டிய ஒப்பந்தங்கள் எதிலும் இதற்கு இடமில்லை. தேய்மானம், டயர், பேட்டரி, வாங்குவதற்கு முன்பே இருந்த பழுது, எல்லாம் வெளியே. டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) தேயாமல் நிறைய இருக்கும்போதே வயதாகி வெடிப்பு விடுவது இந்த வண்டிகளுக்கே உள்ள வியாதி, அதுவும் நம் செலவுதான்.

அப்புறம் சில்லறை நிபந்தனைகள். மெக்கானிக் கூலிக்கு உச்சவரம்பு உண்டா? பிரித்துப் பார்க்கும் கூலி யாருடையது? முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை ஒரு வருகைக்கா, ஒவ்வொரு பழுதுக்குமா? மூன்று பழுதோடு ஒரே நாளில் போனால் இதில் நிறைய வித்தியாசம் வரும். நிறுவனம் மூடிவிட்டால் பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விற்பனையாளரிடம் பதில் இல்லை. சரி, வாரண்டி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வாரண்டிக்குக் கேட்ட தொகையைத் தனிக் கணக்கில் போட்டோம். அதிலிருந்து எடுத்து, கூரை முழுக்கப் பார்க்கச் சொல்லி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்குக் காசு கொடுத்தேன். அவர் ஏசி ஓரத்தில் சீலன்டை விரல் நகத்தால் கிளப்பியதும் துண்டாகப் பெயர்ந்து வந்தது. மனைவி அதைப் பார்த்தபிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஆனால் எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பாதி வேலையாவது கையால் செய்யத் தெரியும். பெரிய டீசல் வண்டி, பல ஸ்லைடு-அவுட், வண்டியை மட்டமாக நிறுத்தும் ஹைட்ராலிக் ஜாக், கையில் திடீர் செலவுக்குப் பணமில்லை என்றால் இரண்டாம் வகை ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், பராமரிப்புச் சான்று இல்லையென்று தட்டிக்கழிக்க இடம் கொடுக்கக் கூடாது. புது வண்டி என்றால் அவசரமே இல்லை. தயாரிப்பாளர் வாரண்டி இருக்கும்போதே வெளியில் நாலு இடத்தில் விலை கேட்கலாம், டீலர் மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை.