அஞ்சல் செயலியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

யூனிக்ஸ் முறையில் மின்னஞ்சலை அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, அஞ்சல் படிக்க மட் என்ற செயலி நல்லதா, ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தி நல்லதா என்றுதான். என் கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அஞ்சல்கள் நம் வட்டில் எந்த வடிவில் தங்கப்போகின்றன என்பதை முடிவு செய்துவிட்டால், அவற்றைக் கொண்டுவரும் நிரல், அனுப்பும் நிரல், தேடும் நிரல், படிக்கும் நிரல் ஆகிய அனைத்தையும் பிடிக்காதபோது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வடிவத்துக்கு மெயில்டிரைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். டேனியல் பெர்ன்ஸ்டீன் கியூமெயில் என்ற அஞ்சல் சர்வர் நிரலுக்காக வகுத்த முறை இது. ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு. வரும் அஞ்சல் முதலில் 'டெம்ப்' அடைவில் முழுமையாக எழுதப்பட்டு, பிறகு 'நியூ' அடைவுக்கு நகர்கிறது, செயலி அதைப் பார்த்தபின் 'கர்' அடைவுக்குச் செல்கிறது. படித்தாயிற்று, பதில் அனுப்பியாயிற்று என்ற விவரங்கள் கோப்பின் பெயரிலேயே ஓரெழுத்துக் குறிகளாக ஒட்டிக்கொள்வதால் பூட்டுகள் தேவைப்படுவதில்லை. இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் அதே அடைவைத் திறந்துவைத்திருக்கலாம். எல்லா அஞ்சலையும் ஒரே கோப்பில் அடுக்கும் பழைய எம்பாக்ஸில் இந்த வசதி கிடையாது.

கொண்டுவருவதற்கு எம்பிசிங்க், அனுப்புவதற்கு எம்எஸ்எம்டிபி. இரண்டிலும் கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் எழுதிவைக்காமல், அதைத் தரும் கட்டளையைக் குறிப்பிட வழியுண்டு. அந்த வழியையே பின்பற்றுங்கள். எம்பிசிங்க் பற்றிப் பழைய கட்டுரைகளைப் பார்த்து அமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1.4 பதிப்பிலிருந்து, சர்வர் பக்கத்தையும் நம் பக்கத்தையும் குறிக்கும் சொற்கள் மாறிவிட்டன. ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அங்குள்ள லேபிள்கள் ஐமேப் (சர்வரிலுள்ள அஞ்சலை அணுகும் நெறிமுறை) வழியாக அடைவுகளாகவே தெரிவதால், இரண்டு லேபிள் உள்ள ஓர் அஞ்சல் வட்டில் இரண்டு கோப்புகளாக வந்து இறங்கும்.

தேடல்தான் நான் அதிகம் யோசித்த இடம். கோப்புகளாகத்தானே இருக்கின்றன, கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளை போதாதா என்று தோன்றும். ஆங்கில அஞ்சல்களுக்கு ஓரளவு போதும், தமிழுக்குப் போதாது. தமிழ் அஞ்சல் பெரும்பாலும், உரையை வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக்கும் பேஸ்64 அல்லது கோட்டட்-பிரிண்டபிள் முறையில் மாற்றப்பட்டுத்தான் கோப்பில் கிடக்கிறது. 'அம்மா' என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள், அவற்றைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். கோட்டட்-பிரிண்டபிளில் அது 45 குறிகளாக நீள்கிறது, பேஸ்64இல் 20. பேஸ்64இல் வேறொரு தொல்லையும் உண்டு: முன்னால் எத்தனை பைட்டுகள் வந்தன என்பதைப் பொறுத்து அதே சொல் மூன்று வேறு உருவங்களில் வரக்கூடும். ஆகவே அஞ்சலை அவிழ்த்துப் படித்து அட்டவணைப்படுத்தும் ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். நாட்மச், மியூ இரண்டும் சேப்பியன் நூலகத்தைக் கொண்டு அதைச் செய்கின்றன. ஒரே அஞ்சல் அடையாள எண் கொண்ட கோப்புகளை ஒன்றாகவே நாட்மச் காட்டுவதால் மேலே சொன்ன ஜிமெயில் இரட்டிப்பும் கண்ணில் படாது. நான் அதைத் தேர்ந்தது இதற்காகவே.

வேற்றுமை உருபுகளை நாட்மச் நமக்காகப் பிரித்துத் தராது. 'ரசீது' என்று தேடினால் 'ரசீதை', 'ரசீதில்' கிடைக்காது. உகரத்தை விட்டுவிட்டு 'ரசீத' என எழுதி ஈற்றில் உடுக்குறி (*) இட்டால் மூன்றும் வந்துவிடும். 'வீடு', 'வீட்டில்' போன்றவற்றுக்கும் இதே உத்தி பலிக்கும். 'மரம்' தேடப்போனால் மட்டும் 'மரபு', 'மரணம்' எல்லாம் கூடவே வந்து நிற்கும்.

இவ்வளவும் முடிந்தபின் படிக்கும் செயலிக்கு வரலாம். 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய மட், விசைப்பலகையை விட்டுக் கை எடுக்காதவர்களுக்கு இன்றும் ஈடில்லாதது. எச்டிஎம்எல் அஞ்சலை டபிள்யூ3எம் என்ற உரை உலாவி வழியாக வெற்று உரையாக்கிக் காட்டச் செய்வது அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி வேலை. ஆனால் மட் வாழ்வது டெர்மினலுக்குள், அதாவது எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கட்டளைச் சாளரத்துக்குள். ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்று கணக்கிடும் டெர்மினல்களில் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறுகின்றன, நெடுவரிசைகள் கோணுகின்றன. எழுத்துகளைச் சேர்த்து வரைய ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் ஈமாக்ஸ் 27உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும், சாளரமாகத் திறக்கும்போது தமிழை ஒழுங்காகக் காட்டுகின்றன. ஆகவே பொதுவான அஞ்சல்களை மட் செயலியில் பார்க்கிறேன். தமிழில் வருபவற்றை நாட்மச்சின் ஈமாக்ஸ் முகப்பில் படித்து அங்கிருந்தே பதில் எழுதுகிறேன். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மெயில்டிர்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. 'படிக்காதது' போன்ற சில குறிச்சொற்களை மட்டுமே நாட்மச் கோப்புப் பெயரோடு ஒத்திசைக்கும். நாமாகச் சூட்டும் 'வரி', 'பயணம்' போன்றவை அதன் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். மெயில்டிரைக் காப்பெடுத்தால் அவை அதில் சேரா. நாட்மச்சின் 'டம்ப்' கட்டளை அவற்றை எளிய உரைக்கோப்பாக எழுதித் தருகிறது. அதைத் தினமும் ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டுவைத்து, அந்தக் கோப்பையும் காப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.