29கே மிஷின்: 2.8 மி.மீ.யில் நின்ற தையல் 4.4-க்கு வந்தது

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு, ஷூ, செருப்பு தைக்கும் என் பழைய சிங்கர் 29கே மிஷினில் ஓட்டிய காலண்டர் அட்டையில் ஊசித் துளைகளை எண்ணி முடித்தேன். பத்துத் தையலுக்கு 44 மி.மீ. அட்டையை அப்படியே வைத்துவிட்டு ஃபுட்டை (தோலை அமுக்கும் பாதத்தை) மட்டும் நாலு திசைக்கும் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். 44, 44, 43, 44. இரண்டரை மாதமாக இந்த நாலு எண்ணுக்காகத்தான் காத்திருந்தேன். தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மிஷின் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. எடைக்கு உடைக்க வைத்திருந்த குவியலில், ஒரு பழைய ஜெனரேட்டருக்குப் பின்னால், அந்த நீண்ட மெலிந்த கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிங்கர் 29 வகையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் கையை மறக்க முடியாது. ஷூவுக்குள் நுழைத்துத் தைப்பதற்காகவே செய்த கை. பித்தளைத் தகட்டில் '29கே' வரை படிக்க முடிகிறது, அதற்கு அடுத்த எண்கள் தேய்ந்து போய்விட்டன. 'கே' என்றால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலை. 1885-இல் திறந்து 1980-இல் மூடிவிட்டார்கள். தொழிற்சாலை போனாலும் அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயர் இன்றைக்கும் 'சிங்கர்'தான். சீரியல் எண் 'ஈ'யில் தொடங்கும் இரண்டெழுத்து வரிசை, எனவே 1935-இலோ அதற்குப் பிறகோ செய்தது. இதற்குமேல் வருடத்தைக் குறுக்க நான் மெனக்கெடவில்லை. அந்த எண்கள் மொத்தமாக ஒதுக்கப்பட்ட தேதியைத்தான் சொல்லும், மிஷின் செய்து முடித்த நாளைச் சொல்லாது.

பழைய மிஷின் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பளபளவென்று கறுப்புப் பெயின்டும் புதுத் தங்க ஸ்டிக்கரும் இருந்தால் விலகி நில்லுங்கள். அந்தப் பெயின்டுக்கு அடியில் எத்தனை தேய்மானம் இருக்கிறது என்று கழற்றினால்தான் தெரியும். என்னுடையது துருவும் பழைய எண்ணெய்ப் பிசினுமாக வந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டி எடுத்தபோது, கீழே எங்கெங்கே உலோகம் தேய்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அந்த வகையில் துருப்பிடித்த மிஷின் நேர்மையான மிஷின்.

சுத்தம் செய்வது, எண்ணெய் விடுவது, நூலின் டென்ஷன் (இறுக்கம்) எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. நேராகத் தையல் நீளத்துக்கு வருகிறேன்.

இந்த மிஷினில் அடியில் பல் இல்லை. மேலே இருக்கும் ஃபுட்தான் தோலை அமுக்கிப் பிடித்து, தானே நகர்ந்து இழுக்கிறது. அதனால்தான் ஃபுட்டை 360 டிகிரி சுற்றி எந்தத் திசையிலும் தைக்க முடிகிறது. அந்த நகர்வைக் கொடுப்பது தலைப்பகுதியில் இருக்கும் பெல் கிராங்க் லீவர், அதாவது முழங்கை போல் வளைந்த நெம்புகோல். அதன் கீழ் நுனி ஒரு ரிங்கின் பள்ளத்தில் உட்கார்ந்து, ரிங்கை மேலும் கீழும் தள்ளுகிறது, ரிங் ஃபுட்டைத் தள்ளுகிறது. நுனிக்கும் பள்ளத்துக்கும் இடையே ஆட்டம் விழுந்தால் அவ்வளவும் தையலில் குறையும். நல்ல நிலையில் இருக்கும் 29கே ஏறத்தாழ 5 மி.மீ. தையல் போடும். என்னுடையது, நீள ஸ்க்ரூவை முழுக்கத் திறந்து வைத்தும், 2.8. அந்த நீளத்தில் தோலில் தைத்தால் துளைகள் நெருங்கி, தபால்தலை கிழிவதுபோல் தையல் கோட்டிலேயே தோல் கிழியும்.

முதல் முயற்சியில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன், நுனிக்கும் பள்ளத்துக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி. லீவரைக் கழற்றி, நுனியில் பித்தளை பிரேசிங் வைத்து (பித்தளையை உருக்கி ஏற்றி), அரத்தால் ராவி, மறுபடி மாட்டினேன். தையல் 4.2-க்கு ஏறியது. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் ஃபுட்டை எதிர்த் திசைக்குச் சுற்றப் போனேன், பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. கைச்சக்கரமும் அசையவில்லை.

அங்கேயே இன்னும் கொஞ்சம் ராவினேன். சுற்றியது. ஆனால் வழக்கமான திசையில் தையல் மறுபடி 3-க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் முறை பித்தளை வைத்தேன், மறுபடி இறுகியது, மறுபடி ராவினேன். இந்த விளையாட்டிலேயே ஒரு மாதம் போனது.

கடைசியில் லீவரை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஆம்பூரில் ஒரு மெக்கானிக் பாயிடம் போனேன். ஷூ அப்பர் (மேல்பாகம்) தைக்கும் யூனிட்டுகளுக்கு நாற்பது வருடமாக மிஷின் பார்ப்பவர். லீவரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரிங்கு எங்க தம்பி?" என்றார்.

"மிஷின்லயே இருக்கு பாய்."

"அதக் கொண்டாந்தாதான் பேச முடியும். செருப்பு தைக்கிறவங்க ஒரே பக்கமா தள்ளித்தான் தைப்பாங்க. அம்பது வருஷம் ஒரே பக்கம்னா ரிங்கு ஒரே எடத்துல தேயுமா, சுத்தியும் தேயுமா?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஃபுட்டைச் சுற்றும்போது ரிங்கும் கூடவே சுற்றும், லீவர் நுனி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக ஒவ்வொரு திசைக்கும் பள்ளத்தின் ஒவ்வொரு இடம் நுனிக்கு நேரே வருகிறது. வழக்கமான திசைக்குரிய இடத்தில் மட்டும் குழி விழுந்திருக்கிறது. நான் அந்தக் குழிக்குச் சரியாக நுனியைத் தடிப்பாக்கினேன், தேயாத இடத்துக்குப் போனதும் அது சிக்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து முறையாக அளந்தேன். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய அளவு இது. வழக்கமான திசையில் இடைவெளி 1 மி.மீ., எதிர்த் திசையில் 0.4, பக்கவாட்டில் இரண்டுக்கும் நடுவே. இதற்கு மிஷினைப் பிரிக்கவே வேண்டாம். நூல் இல்லாமல் அட்டையில் பத்துத் தையல் ஓட்டி, நாலு திசையிலும் நீளம் எடுங்கள். நாலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் லீவரும், பின்னால் அதைத் தள்ளும் கேமும் (சுழலும் வளைவுத் துண்டும்)தான் காரணம். திசைக்குத் திசை மாறினால் ரிங். பழைய 29 வகை வாங்கப் போகிறவர்கள் ஒரு அட்டைத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால் போதும், கடையிலேயே நிலவரம் தெரிந்துவிடும்.

ரிங்கை எடுக்க ஊசித் தண்டையும் ஃபுட் தண்டையும் உருவ வேண்டும். உருவுவதற்கு முன் ஊசித் தண்டில் அதன் உயரத்துக்கு ஒரு மெல்லிய கீறல் போட்டுவிடுங்கள், மறுபடி மாட்டும்போது டைமிங் (ஊசி அடிநூலைச் சந்திக்கும் நேரம்) தேட வேண்டியிருக்காது. ரிங்கை ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "புது ரிங் போட்டுத் தரேன்" என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய எஃகு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. குழி மறையும் வரை பள்ளத்தின் இரண்டு முகத்தையும் கார்பைட் டூலால் சன்னமாகச் சீவித் தரச் சொன்னேன். பள்ளம் அகலமானது, ஆனால் சுற்றிலும் ஒரே அகலம். எனக்கு வேண்டியது அந்தச் சீர்மைதான்.

பிறகு லீவர் நுனி, மூன்றாம் முறையாக. ஆர்க் வெல்டிங்கில் எஃகு ஏற்றினால் நாளாகத் தேயாது என்று பலர் சொல்வார்கள். நான் பித்தளையைத்தான் விரும்புகிறேன். தேய்மானம் வந்தால் மென்மையான பித்தளை தேயட்டும், ரிங் தேயக் கூடாது. பித்தளையை ஒரு மத்தியானத்தில் மறுபடி ஏற்றிவிடலாம். வெண்காரம் தூவி, நுனி பளிச்சென்று செக்கச்செவேலெனச் சிவந்ததும் பித்தளைக் கம்பியைத் தொட்டால் தானாக ஓடிப் படிகிறது. சூட்டோடு தண்ணீரில் போடாமல் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டேன்.

ராவுவதற்கு மட்டும் மூன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். நுனி முழுக்க கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசி, லீவரை மாட்டி, கைச்சக்கரத்தை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிக் கழற்றினால், உரசும் இடம் மட்டும் மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். அந்தப் புள்ளியில் நைஸ் அரத்தால் இரண்டே இழுப்பு, மறுபடி பூச்சு, மறுபடி மாட்டல். நாலு திசைக்கும் இதே வேலை. எண்ணெய் நிற்க 0.05 இடைவெளி விட்டு நிறுத்தினேன். கடைசியில் 1000 நம்பர் எமெரித் தாள். இப்போது ஃபுட் ஒரே விரலில் சுழல்கிறது, எங்கும் பிடிப்பில்லை. 5 வரவில்லையே என்றால், மிச்சம் பின் கேமில் இருக்கிறது. அதைத் தொடப் போவதில்லை. 4.4 எனக்குத் தாராளம்.

ஃபுட்டின் பற்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில்தான் நான் அதிகம் வேலை செய்கிறேன், பெரியமேட்டில் வாங்குவது. அதில் இந்தப் பற்கள் வரிசையாகத் தடம் பதித்துவிடுகின்றன. குரோம் தோலில் அவ்வளவு தெரியாது, பட்டைத் தோல் எதையும் மறக்காது. ஒரு உபரி ஃபுட்டில் பற்களைப் பாதி உயரத்துக்கு ராவி, விளிம்பை மழுக்கி வைத்திருக்கிறேன். அழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்தால் தடம் விரல் நகத்தால் தேய்த்ததும் போய்விடுகிறது. ஒரிஜினல் ஃபுட்டை ராவ வேண்டாம், அது பத்திரமாக இருக்கட்டும்.

நூல் பாண்டட் (இழை பிரியாதபடி ஒட்டிய) நைலான், தடிமன் டிக்கெட் 40. இந்த எண் குறையக் குறைய நூல் தடிக்கும். டிக்கெட் 30 வரை மிஷின் சங்கடப்படாமல் எடுக்கிறது. பாபின் சின்னது, தடித்த நூல் போட்டால் இரண்டு ஜோடிச் செருப்பு வார் முடிவதற்குள் காலி. நூலைத் தலைக்குள் இறக்கும் கொக்கிக் கம்பி என் மிஷினோடு வரவில்லை. சைக்கிள் பிரேக் கேபிளின் ஒற்றை இழையை வளைத்துச் செய்துகொண்டேன், அருமையாக வேலை செய்கிறது.

பாபின் கேஸ் விஷயத்தில்தான் இன்னும் கோபம் அடங்கவில்லை. ஆன்லைனில் ஒரு கடையில் 'ஒரிஜினல்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். டென்ஷன் தகட்டின் அடியில் பிசிறு, பத்துத் தையலுக்கு ஒரு முறை நூலை அறுத்தது. திருப்பி அனுப்பக் கேட்டால் பதிலே இல்லை. நூலில் மெட்டல் பாலிஷ் தடவி, அந்தத் தகட்டின் கீழ் முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் இழுத்து வழவழப்பாக்கினேன். சின்ன பாபின், பெரிய பாபின் என்று இரண்டு வகை இருப்பதால், ஆர்டர் போடும் முன் பழைய கேஸை வெர்னியரில் அளந்து, அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

பெல்ட்டுக்கு 29கே சரிப்படாது. அதற்கென்று சிங்கரின் இன்னொரு மிஷின், ஒரு 111டபிள்யூ155 மேல் கண் வைத்திருக்கிறேன். 'டபிள்யூ' என்பது அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் தொழிற்சாலை. ஊசியும் அடிப்பல்லும் சேர்ந்து நகர்த்த, மேலே இரண்டு ஃபுட் மாறி மாறி மிதிக்கும். பாய்க்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறதாம். "தீபாவளி முடியட்டும் தம்பி, கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். கிடைத்தால் ஒரு சர்வோ மோட்டாரும் வேகம் குறைக்கும் புல்லியும் வாங்க வேண்டும். மேஜைக்குப் பழைய வேங்கைப் பலகை ஒன்று இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்கு முன் இதில் ஒரு வேலை பாக்கி. மிஷினின் கைக்குள் ஷட்டிலை (அடிநூல் பாபினைச் சுமப்பது) ஆட்டும் சின்னப் பல்சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறது. தடித்த இடத்தில் எப்போதாவது ஒரு தையல் விட்டுப்போகிறது, நேற்று நூறுக்கு இரண்டு. சக்கரத்தைக் கழற்றித் தேயாத பற்கள் வேலை செய்யும்படி திருப்பி மாட்ட இடம் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை கையைத் திறந்து பார்க்கப் போகிறேன். அதுவரை 2 மி.மீ. தோல் இரண்டு அடுக்கு, டிக்கெட் 40, கையால் சுற்றி மெதுவாக. அம்மாவின் செருப்பு வார் அறுந்து கிடக்கிறது, முதலில் அதைத் தைக்கிறேன்.